வண்டி என் பேரில்

பத்து ஐம்பத்திரண்டு. இன்னும் வரவில்லை. வராமல் போனால் நல்லதுதான், பேசாமல் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம், வந்தால்தான் வம்பு. வந்தால் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வயலூர் ரோட்டில், பூட்டிக் கிடக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அறுபத்தேழு வயசில், திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கிறேன். எதிர்ப்பக்கம் வங்கியின் மதில் சுவர். சுவரை ஒட்டி, வண்டி நிறுத்தக் கூடாது என்று சிவப்பு வட்டம் போட்ட பலகை. சரியாக அந்தப் பலகைக்குக் கீழேதான் நிறுத்துகிறாள். கண் தெரியாதவள் இல்லை, எம்.எஸ்ஸி. படித்தவள். ஏழு வாரத்தில் ஐந்து தடவை. அதே இடம், அதே புதன்கிழமை. ஐந்து தடவையும் போலீஸ்காரர் படம் பிடித்து அபராதம் போட்டிருக்கிறார், ஐந்தும் என் போனுக்குத்தான் வந்தது, ஏனென்றால் வண்டி என் பேரில் இருக்கிறது. ஓட்டுவது என் மகள் சுபாஷிணி. கே.கே. நகரில் புருஷனோடு இருக்கிறாள், முப்பத்திரண்டு வயசு. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. சைக்கிளில் டைனமோ விளக்கு எரியாமல் ஒரு நாள் போனதில்லை நான். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து, லேட்டாக வந்த டிரைவர் கண்டக்டருக்கெல்லாம் மெமோ கொடுத்த தெய்வசிகாமணிக்கு இப்போது வாரா வாரம் மெமோ வருகிறது. டிப்போ ஆட்களுக்குத் தெரிந்தால் லட்டு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவார்கள்.

முதல் தடவை வந்தபோது ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன், இப்போதெல்லாம் போனில் வருவதில் பாதி அதுதானே. இ-சேவை மையத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த பெண் எண்ணை அடித்து, படத்தைத் திறந்து, "உங்க வண்டிதான் சார், பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். வெள்ளைக் கார். பின் கண்ணாடியில் சுபா ஒட்டின மஞ்சள் வாத்து. நான் வாத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவரை எனக்குத் தெரியும். தினம் காலையில் பால் வாங்கிக்கொண்டு அதை ஒட்டித்தான் நடக்கிறேன். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து இடது பக்கம் திரும்பினால் ஏழாவது வீடு நாங்கள். நானூறு மீட்டர். நடந்தால் ஐந்து நிமிஷம், என் முழங்காலுக்கு ஏழு. அந்தப் புதன்கிழமை பதினொன்று பன்னிரண்டுக்கு என் மகள் என் வீட்டிலிருந்து நானூறு மீட்டரில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள், வீட்டுக்கு வரவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ரசீதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தேன். வீட்டுக்காரி கோமளாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அழுவாள். சுபாவிடம் கேட்கவில்லை, கேட்டால், கேட்டால் என்ன, கேட்டால் அடுத்த புதன்கிழமை வேறு எங்காவது நிறுத்துவாள், இந்த ஒரு துப்பும் இல்லாமல் போய்விடும். பெற்ற பெண் எங்கே இருக்கிறாள் என்று போலீஸ் சொல்லித் தெரிந்துகொள்கிற அப்பன் இந்தத் திருச்சியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வங்கிக்கு வந்திருப்பாள். முதல் வாரம் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் கணக்கு இந்த வங்கியில் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இரண்டாவது வாரம் பல் டாக்டர், மாடியில் பலகை தொங்குகிறது, ஆனால் அவர் மாலையில்தான் வருவாராம், கீழே விசாரித்துவிட்டேன். மூன்றாவது வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்க. தையல் வகுப்புக்குப் போகிறவள் எதற்கு ரவிக்கையை வெளியில் கொடுக்கிறாள்? தில்லைநகரில் புதன்கிழமை புதன்கிழமை தையல் வகுப்பு, பத்தரைக்கு முடியும், கோமளாதான் சொன்னாள். மாப்பிள்ளை புதன்கிழமை தஞ்சாவூர் கிளைக்குப் போய்விடுவார், அதுவும் தெரியும். தில்லைநகரிலிருந்து இங்கே ஒன்றரை கிலோமீட்டர். போக ஒன்றரை, வர ஒன்றரை, மூன்று. பெட்ரோல் போடப் போனேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் நானூறு மீட்டர் எங்கள் வாசல் வரை வந்தால் கணக்கு இடிக்கும், அதனால்தான் வருவதில்லை, ஆமாம், கிலோமீட்டர் கணக்குதான் காரணம், நான் இல்லை. இப்படி ஒரு மத்தியானம் முழுக்கத் தேற்றிக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்தேன். வண்டியை இங்கே விட்டுவிட்டு நடந்து வரலாமே? நடந்தால் எந்த மீட்டரும் ஓடாதே? அதோ வயலூர் டவுன் பஸ், நாலு நிமிஷம் லேட். லேட்டாக வந்தால் எனக்கென்ன, நான் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆகிறது. கரும்புச்சாறு வண்டிக்காரன் என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டான். மூன்றாவது தடவை பார்த்தால் ஒரு கிளாஸ் வாங்கிக்கொள்ள வேண்டும், சர்க்கரையாவது மண்ணாவது. கிலோமீட்டர். எந்தப் பக்கம் போனாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாசம். அழைப்பு மணி அடித்துக் கதவைத் திறந்தால் சுபா. கையில் பை. டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "என்னம்மா இந்த நேரத்துல?" பெற்றவன் கேட்கிற கேள்வியா அது? கோமளா சாதம் போட்டாள். சுபா பிசைந்துகொண்டே இருந்தாள். "தினம் சாயங்காலம் வந்ததும் கார்ல கிலோமீட்டரைப் பாக்கறாருப்பா. ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கறாரு. நாலு கிலோமீட்டர் கூட ஓடியிருந்தா எங்க போன, யாரைப் பாத்தன்னு விடிய விடியக் கேக்கறாரு. தூங்க விட மாட்டேங்கறாருப்பா." நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன். "இதுக்கா பையத் தூக்கிட்டு வந்த? டிப்போவுல டிரைவருங்ககிட்ட நான் தினம் கேட்ட கேள்விதானேம்மா இது. கணக்கா இருக்கற மனுஷன், நல்லதுதானே." அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். வாசலில் ஆடிக் காற்று அடித்துத் துப்பட்டா விலகும்போதெல்லாம் இழுத்து இழுத்துக் கழுத்தை மூடினாள். "குளிருதாம்மா?" என்று கேட்டேன். குளிருதாம்மா! திருச்சியில், மத்தியானம், ஒரு மணிக்கு. எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விருப்பம் இல்லாமல் கேட்டேன். அப்புறம் திட்டம் போட்டேன், அதில்தானே நான் கெட்டிக்காரன். மாப்பிள்ளை ஆறு மணிக்கு வருவார். இரண்டு பத்து வண்டியைப் பிடித்தால் மூன்றே காலுக்கு வீடு. பையை மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்டால் இவள் வீட்டை விட்டு வந்ததே அவருக்குத் தெரியாது. ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டோம் என்று கோமளாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானே கூடப் போய் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் பார்த்து இறக்கிவிடச் சொன்னேன். இரண்டு பத்து வண்டி இரண்டு பத்துக்கே கிளம்பியது. அன்றைக்கு எனக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

பதினொன்று ஆகப் போகிறது. வெயில் செருப்புக்குள் இறங்குகிறது. கல்யாணத்தில் இந்தக் காரைப் போட்டதே என் வீம்பு. பி.எஃப். பணத்தில் வாங்கினேன், கல்யாண மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தினேன், வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மச்சினன் காதோரம் வந்து, "மாமா, ஆர்.சி.ய உங்க பேர்லயே வச்சுக்கங்க. நாளைக்கு ஒண்ணுன்னா வண்டியாவது நம்ம கையில இருக்கும்" என்றான். சரி என்று பட்டது. மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை ஜாடையாகக் கேட்டார், பேரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் இழுத்தடித்தேன். அவர் பேருக்கு மாற்றியிருந்தால் இந்த ஐந்து தகவலும் அவர் போனுக்கு அல்லவா போயிருக்கும்? வயலூர் ரோட்டில் பதினொன்று பன்னிரண்டுக்கு உனக்கு என்ன வேலை என்று அல்லவா கேட்டிருப்பார்? ஏதோ அந்த அளவுக்காவது என் அல்பத்தனம் அவளைக் காப்பாற்றியது என்று கொஞ்ச நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. யோசிக்க யோசிக்க அது வேறு மாதிரி வந்து நெஞ்சில் இடிக்கிறது. அப்படியானால் எனக்கு முதல் நாளே அந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லை. அவரை நம்பிக் காரை எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தவளை மறுபடியும் பஸ் ஏற்றிக் கொடுத்தேன்.

அதோ. வெள்ளைக் கார். பதினொன்று நாலு. சிக்னல் போட்டு, ஒதுங்கி, பலகைக்குக் கீழே அழகாக நிறுத்துகிறாள், ஓட்டுவதெல்லாம் சுத்தமாகத்தான் ஓட்டுகிறாள். ஷட்டரோடு ஷட்டராக ஒட்டிக்கொண்டேன். இறங்குவாள், வங்கிக்குள் போவாள், நான் பேசாமல் வீட்டுக்குப் போவேன், கடவுளே அப்படி ஒன்று நடக்கட்டும். அவள் இறங்கவில்லை. மெலிந்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், எப்போது வெட்டினாள், பொங்கலுக்கு வந்தபோது இருந்ததே. பஸ் ஒன்று வந்து மறைத்தது. பஸ் போனது. மதில் ஓரமாக ஒருத்தி தூக்குச் சட்டியை வைத்துக்கொண்டு வேகமாக வருகிறாள், பச்சைச் சேலை, அந்த நடையை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன், கோமளா. என் பெண்டாட்டி கோமளா. காலையில் கரண்ட் பில் கட்டப் போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன், எப்போதும் ஆயிரம் கேள்வி கேட்பவள் உடனே சரி என்றாள். கோமளா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன் கதவைத் திறந்தாள், சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், கதவைச் சாத்தினாள். புதுசாகச் செய்கிறவள் அப்படிச் செய்ய மாட்டாள். உள்ளே தூக்குச் சட்டியின் மூடியைத் திறப்பது தெரிகிறது. சுபா சாய்ந்து அவள் தோளில் நெற்றியை வைக்கிறாள். கோமளாவின் கை முதுகில் ஏறி இறங்குகிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, என் முதுகுக்குப் பின்னால். அந்தக் கோபம் அடுத்த பஸ் தாண்டிப் போவதற்குள் காலியாகிவிட்டது. வீட்டில் அவள் ரூம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, டைனிங் டேபிள் இருக்கிறது, தாயும் மகளும் ஒரு வாய் சோறு சாப்பிட நடு ரோட்டில் போலீஸுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் அவர்களுக்கு என்ன குறை? குறை நான்தான். நானூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அவள் வரவில்லை. மாப்பிள்ளைக்கு ஒளிந்த மாதிரியே எனக்கும் ஒளிந்திருக்கிறாள்.

ஏட்டு ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் அபராதம் போடுகிற மெஷினோடு காரைப் பார்த்து நடந்தார். இவராகத்தான் இருக்கும், அந்த ஐந்தும், பின்னாலிருந்தே படம் பிடித்துக்கொண்டு போயிருப்பார், உள்ளே ஆள் இருந்ததைப் பார்த்திருக்க மாட்டார். நம்பர் பிளேட்டுக்கு நேராகக் குனிந்தார். பிறகு உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று தெரியாது, ஒரு ஷேர் ஆட்டோக்காரன் என் குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனான். "சார், சார், தட்டாதீங்க." ஏட்டு திரும்பினார். "யாரு நீங்க?" "வண்டி என் பேர்லதான் இருக்கு. ஃபைன் போட்டுக்கங்க. அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க, சாப்பிடறாங்க." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டிய எடுத்தா போதும் பெரியவரே. ஆள் இருக்கறப்ப நான் எதுக்கு ஃபைன் போடறேன்? பஸ் நிக்கற இடம் இது." "இல்ல சார், போட்டுருங்க. அரை மணி நேரம் நிக்கட்டும். எத்தனை வேணா போடுங்க." கையைக் கூப்பினேன், மானம் போகிறது. "ஃபைன் போடச் சொல்லிக் கெஞ்சற மொத ஆளு நீங்கதான் சார்" என்றார் அவர். அதற்குள் காருக்குள் இரண்டு தலையும் திரும்பிவிட்டன. சுபா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது பயம். வெட்கமோ கோபமோ வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கை சாவிக்குப் போனது.

கோமளா இறங்கி, கதவை மறைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். விரலில் தயிர்சாதம் ஒட்டியிருந்தது. "நான்தான் வரச் சொன்னேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க." நான் ஒன்றும் சொல்ல வரவில்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது, முப்பத்தைந்து வருஷமாக ஏதாவது சொல்லிக்கொண்டேதானே இருந்திருக்கிறேன். "வீட்டுக்கு வரச் சொல்லு கோமளா. ரோட்டுலயா சாப்பிடுவா?" "வர மாட்டா." "ஏன்?" "ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?" அப்போதுதான் பின் சீட்டைப் பார்த்தேன். ஒரு பெரிய சூட்கேஸ். இரண்டு பை. போர்வையில் சுற்றின தலையணை. கோமளா குரலைத் தாழ்த்தவில்லை, ஏட்டு கேட்டாலும் கேட்கட்டும் என்று சொன்னாள். "புத்தூர்ல லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் சொல்லியாச்சு. இன்னைக்குச் சேர்றா. திங்கக்கிழமை ஒரு ஸ்கூல்ல வேலைக்குப் போறா. ஏழு வாரமா இதைத்தான் பேசிட்டு இருக்கோம். இனிமே அங்க திரும்பிப் போக மாட்டா."

புத்தூர். இங்கிருந்து பத்து நிமிஷம். உள்ளூரில் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு பெண் ஹாஸ்டலில் சேர்கிறாள். குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னேன், "சுபா, வீட்டுக்கு வாம்மா. உன் ரூம் அப்படியே இருக்கு." பொய். அவள் கட்டில்மேல் நான் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருக்கிறேன். அவள் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லப்பா" என்றாள். கோபமே இல்லாத குரல். "அவர் வந்து வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை நல்லாப் பேசினா, நீங்க என்னை அனுப்பி வச்சிருவீங்கப்பா." மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார், பூப்போட்ட சட்டை, கையில் பழம், மாமா என்கிறார், இனிமேல் அப்படி நடக்காது மாமா என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், நான் என்ன சொல்வேன்? உள்ள வாங்க மாப்பிள்ளை என்றுதான் சொல்வேன். காபி போடச் சொல்வேன். மாட்டேன் என்ற ஒரு வார்த்தையை என்னால் அவளிடம் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. என் பெண்ணுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"பெரியவரே, எடுக்கறீங்களா இல்லையா? பின்னாடி பஸ் வருது" என்றார் ஏட்டு. பின் கதவைத் திறந்தேன். தலையணையை நகர்த்தி, சூட்கேஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் ஏறச் சொல்லவில்லை. இறங்கச் சொல்லவும் இல்லை. கோமளா முன்னால் ஏறிப் பாதிச் சாப்பாட்டோடு தூக்குச் சட்டியை மூடினாள். சூட்கேஸ் கனத்தது, புத்தகமாக இருக்கும், அதன் பிடி என் மோவாயில் இடித்தது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற வளைவு வந்தது, நேராகப் போனால் புத்தூர். சுபா வேகத்தைக் குறைத்தாள். எதற்குக் குறைத்தாள் என்று தெரியாது. நான் ஏதாவது சொல்வேன் என்று கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நேராவே போம்மா" என்றேன்.